'முத்தட்டும், பார்க்கலாம்': கண்புரையை அளந்த வரலாறு

1

நம் கிராமங்களில் வயதானவர்களிடம் கண் ஆபரேஷன் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: "இன்னும் முத்தலைங்க, முத்தட்டும், பார்க்கலாம்." காய் முற்றுகிறது, கதிர் முற்றுகிறது, நோயும் முற்றுகிறது. கண்ணில் விழுந்த புரையும் அப்படியே முற்ற வேண்டும், முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். கண் மருத்துவ விழிப்புணர்வுப் பிரசுரங்களைப் புரட்டினால் இதே வாக்கியம் 'தவறான நம்பிக்கைகள்' என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். புரை முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அது அறியாமை என்று பக்கத்திலேயே பதிலும் இருக்கும்.

பதில் சரிதான். இன்றைய அறுவை முறைகளுக்குக் காத்திருப்பு தேவையில்லை, காத்திருப்பது ஆபத்தும்கூட. ஆனால் இந்த 'அறியாமை'யை ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. மருத்துவம்தான் கற்றுக்கொடுத்தது. ஐரோப்பிய மருத்துவ நூல்களும், காலனியக் கண் ஆஸ்பத்திரிகளும், சுதந்திரத்துக்குப் பிந்தைய கண் முகாம்களும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த அறிவுரை அது. சொன்னவர்களின் கையிலிருந்த கருவி மாறியபோது அவர்கள் அறிவுரையை மாற்றிக்கொண்டார்கள். பழையதை மறக்காமல் வைத்திருந்தவர்கள் அறியாதவர்கள் ஆனார்கள்.

புரை எவ்வளவு 'தீவிரம்' என்று அளந்த வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து படிக்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு காலத்திலும் புரையின் தரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரித்த அளவுகோல் பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது: இந்தப் புரை என் கருவிக்கு எவ்வளவு இணங்கும்? பார்வை போனவருக்கு எவ்வளவு இருட்டு என்ற கேள்வி எப்போதும் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றது.

2

முதல் கருவி ஊசி. கண்ணுக்குள் ஊசியைச் செலுத்தி, மங்கிப்போன வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிக் கீழே விழச்செய்யும் முறை சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரத்தில் விவரிக்கப்படுகிறது. அந்த நூலின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆனால் அதில் தரப்பிரிவு தெளிவாகவே இருக்கிறது. 'லிங்கநாசம்' என்று அது சொல்லும் பார்வையிழப்பில் கபத்தால் வந்ததற்கு மட்டுமே அறுவை. அதிலும் புரை பாதிநிலா வடிவிலோ, வியர்வைத் துளி போலவோ, முத்துப் போலவோ இருந்தால் தொடக்கூடாது. மேடுபள்ளமாக, நடுவில் மெலிந்ததாக, கோடுகள் ஓடியதாக இருந்தாலும் கூடாது. வெறுங்கண்ணால் பார்த்து வடிவத்தைக் கொண்டு தரம் பிரித்திருக்கிறார்கள். எதற்காக? ஊசி எதைத் தள்ளும், எதைத் தள்ளாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான்.

ரோமில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ் வேறு உருவகத்தில் அதையே சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை புரை என்பது கண்ணுக்குள் வந்து தேங்கும் ஒரு திரவம். திரவமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசிக்குச் சிக்காது. உறைந்து ஓரளவு கெட்டிப்படும்வரை காத்திருக்க வேண்டும். 'காத்திரு' என்ற அறிவுரையின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. அரபு மருத்துவர்கள் 'இறங்கும் நீர்' என்றார்கள். லத்தீனில் அது அருவியைக் குறிக்கும் 'கேட்டரக்டா' ஆனது. இந்தியிலும் உருதுவிலும் 'மோதியாபிந்த்' என்றால் முத்துத் துளி. தமிழில் 'புரை' என்கிறோம். குற்றம், துளை, உள்ளே ஓடிய கேடு என்று அந்தச் சொல்லுக்குப் பல பொருள். 'புரையோடிய புண்' என்பதில் இருப்பதும் அதே சொல்தான். நீர், முத்து, குற்றம் என்று பெயர்கள் வேறுவேறாக இருந்தாலும், எவருக்கும் அது கண்ணின் சொந்த உறுப்பு என்று தெரிந்திருக்கவில்லை. வெளியிலிருந்து வந்து விழுந்த ஏதோ ஒன்று என்றே எல்லா மொழிகளும் நினைத்தன. 'புரை விழுந்திருக்கு' என்று நாம் இன்றைக்கும் சொல்லும்போது அந்தப் பழைய உடலியல் நம் வாயில் உயிரோடிருக்கிறது.

1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் பிரிஸ்ஸோ, இறந்துபோன ஒரு படைவீரனின் கண்ணை அறுத்துப் பார்த்து, புரை என்பது மங்கிப்போன விழிவில்லையே என்று காட்டினார். 1707இல் மெத்ர்-ழானும் அதை உறுதிசெய்தார். விழுந்த நீர் என்று எதுவும் இல்லை, இருந்த வில்லைதான் மங்கியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான கோட்பாடு ஒன்று இதோடு சரிந்தது. ஆனால் அந்தக் கோட்பாடு பெற்றெடுத்த 'கெட்டிப்படட்டும்' என்ற அறிவுரை சரியவில்லை. அடுத்த கருவிக்கும் அது தேவைப்பட்டது.

3

அடுத்த கருவி கத்தி. 1747இல் ஜாக் தாவியேல் விழிவில்லையைத் தள்ளிவிடாமல் கண்ணைத் திறந்து வெளியே எடுத்தார். 1753இல் அம்முறை அச்சில் வந்தது. இம்முறையில் வில்லையின் உறை உள்ளேயே தங்கும். உறையைக் கிழித்து உள்ளிருப்பதை வெளியேற்ற வேண்டும். வில்லை முழுக்க மங்கிக் கெட்டியாக இருந்தால் சுத்தமாக வந்துவிடும். பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் இருந்தால், தெளிந்த பசை போன்ற சுற்றுப்பகுதி உறையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நின்றுவிடும். ஊதும், அழற்சியாகும், கண்ணே போய்விடலாம். ஆக இந்தக் காத்திருப்புக்கு நியாயம் இருந்தது. இதை மறுப்பதற்கில்லை.

இங்கிருந்துதான் பழமரத்தின் மொழி மருத்துவத்துக்குள் உறுதியாக வந்து உட்காருகிறது. லத்தீனில் பழுத்தது என்று பொருள்படும் சொல்லிலிருந்து முற்றாதது, முற்றியது, மிகை முற்றல் என்று மூன்று படிகள். நம் ஊர் கேஸ் ஷீட்டுகளில் 'ஐ.எம்.சி.', 'எம்.சி.', 'எச்.எம்.சி.' என்று எழுதப்படும் எழுத்துகள் இந்தப் பழத்தோட்டத்தின் மிச்சம். மிகை முற்றலில் சுற்றுப்பகுதி பாலாகக் கரைந்து உட்கரு அதில் மூழ்கிக் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடலியலாளர் மோர்காக்னியின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அந்த நிலையில் உறையிலிருந்து கசியும் புரதம் கண்ணின் வடிகாலை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். தாங்க முடியாத வலியோடு பார்வை நரம்பே செத்துப்போகும். காத்திருக்கச் சொன்ன மருத்துவத்துக்குக் காத்திருப்பின் கடைசிப் படி எது என்று தெரிந்தேயிருந்தது. எந்த நாளில் எம்.சி. எச்.எம்.சி. ஆகும் என்று சொல்லத்தான் அதனால் முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தர்க்கம் ஒரு விசித்திரமான எல்லைக்குப் போகிறது. பிரெஸ்லாவ் நகரத்து ஃபோர்ஸ்டர், புரை தானாக முற்றும்வரை காத்திராமல் செயற்கையாக முற்றவைக்க ஒரு அறுவையை முன்வைத்தார். முதலில் கருவிழியின் திரையில் சிறு துண்டை வெட்டி எடுப்பது. பிறகு கண்ணின் முன்படலத்தின் மேலாக வில்லையைத் தேய்த்து நசுக்கி அதை மங்கச் செய்வது. முற்றிய பிறகு அதை எடுக்க இன்னொரு அறுவை. வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்கவைப்பதை இது ஞாபகப்படுத்துகிறது. மிச்சம் மீதி பார்வை உள்ள ஒருவரை, அறுவைக்குத் தகுதியாக்குவதற்காக முதலில் குருடாக்க வேண்டியிருந்தது. அளவுகோலுக்கு ஏற்ப நோயாளியைத் திருத்தியமைப்பது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் மருத்துவ வரலாற்றில் அதிகம் இருக்காது.

இந்த முற்றல் கோட்பாட்டை உடைத்தவர்களில் ஒருவர் இந்தியாவில் இருந்த ஐரிஷ்காரர். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஹென்றி ஸ்மித், 'ஜலந்தர் ஸ்மித்' என்றே உலகம் முழுக்க அறியப்பட்டவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபில் வில்லையை உறையோடு சேர்த்தே வெளியே அழுத்தி எடுக்கும் முறையை ஆயிரக்கணக்கான கண்களில் செய்தார். உறையோடு போய்விட்டால் உள்ளே மிச்சம் எதுவும் தங்காது. எனவே முற்ற வேண்டியதில்லை, எந்த நிலையிலும் எடுக்கலாம் என்றார். அமெரிக்காவிலிருந்தெல்லாம் மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஜலந்தருக்கு வந்ததற்குக் காரணம் ஸ்மித்தின் கை மட்டும்தானா? அங்கே குவிந்திருந்த கண்களும்தான். ஏழைக்கு இலவச சிகிச்சை, பதிலுக்கு அவன் உடல் அறிவுக்குப் பாடமாகும். அந்த அறிவு பணக்காரனின் படுக்கைக்குப் போய்ச் சேரும் என்று மிஷேல் ஃபூக்கோ 1963இல் வெளியான 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் பிரெஞ்சு ஆஸ்பத்திரிகளை வைத்து விவரிக்கும் ஒப்பந்தம், பஞ்சாபில் காலனிய ஒப்பந்தமாக இன்னொரு மடங்கு பெருகியது.

அதே காலத்தில் சென்னையிலும் எண்ணிக்கை நடந்தது. 1819இல் தொடங்கப்பட்ட சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் 1904 முதல் சுமார் பத்தாண்டுகள் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊர் ஊராகப் போய் ஊசியால் புரை தள்ளிய வைத்தியர்களின் கை பட்டுக் கெட்டுப்போன கண்களைத் தொடர்ந்து சேகரித்து, எண்ணி, வகை பிரித்தார். 1917இல் லண்டனில் அவர் ஆற்றிய ஹண்டேரியன் உரைகள் இதைப் பற்றியவையே. நாட்டு வைத்தியனை மோசடிக்காரனாக நிறுத்தும் காலனியச் சொல்லாடல் அவர் எழுத்தில் இருக்கிறது. அதே சமயம் அந்த ஊசி ஏராளமான கண்களை அழித்தது என்ற அவர் கணக்கு பொய்யில்லை. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அளவெல்லாம் அதிகாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் கெட்டுப்போன அந்தக் கண்களுக்கு நாம் பதில் சொல்ல முடியாது. எலியட் எழுப்பாத கேள்வியாக எனக்குப் படுவது இது: ஜனங்கள் ஏன் ஊசிக்காரனிடம் போனார்கள்? அவன் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். முற்றட்டும் என்று திருப்பி அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியின் 'பிறகு வா'வுக்கும் ஊசிக்காரனின் 'இப்பவே'வுக்கும் நடுவில் நின்றவர்கள் அவர்கள் என்று நாம் ஊகிக்கலாம்.

4

ஸ்மித்தின் வழி வந்த 'உறையோடு எடுக்கும்' முறை பிறகு பல மாற்றங்களோடு உலகெங்கும் பரவியது. இந்தியக் கண் முகாம்களில் நெடுங்காலம் கோலோச்சியதும் அதுவே. அப்படியானால் முற்றல் கோட்பாடு அப்போதே ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. இந்த முறை காத்திருப்புக்கு வேறொரு காரணத்தை உண்டாக்கிவிட்டது. வில்லை போன கண்ணுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும், ஏறத்தாழ பத்து டயாப்டர். நம் ஜனங்கள் 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்த கண்ணாடி. அது எல்லாவற்றையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணில் அறுவை செய்து மறு கண்ணில் பார்வை மிச்சமிருந்தால் மூளைக்கு இரண்டு அளவில் இரண்டு உருவங்கள் போகும். படியில் கால் வைக்க முடியாது, டம்ளரில் தண்ணீர் ஊற்ற முடியாது. எனவே, 'இன்னொரு கண்ணும் மங்கட்டும்' என்பது நியாயமான மருத்துவ ஆலோசனையாயிற்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காரணம் முழுக்க மாறிவிட்டது. முன்பு வில்லையின் சுற்றுப்பகுதி காரணம். இப்போது மூக்குக் கண்ணாடியின் ஒளியியல் காரணம். ஆனால் நோயாளியின் காதில் விழுந்த வாக்கியம் மாறவில்லை: "முத்தட்டும்." டாக்டர் காரணம் சொல்வதில்லை, சொல்ல நேரமுமில்லை. முகாமில் அவருக்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கண்கள். காரணங்களற்ற அறிவுரை ஊருக்குத் திரும்பி வந்து பழமொழியின் அந்தஸ்தை அடைந்தது. நாட்டார் நம்பிக்கை என்று நாம் பெயர் சூட்டும் பலவும் இப்படி ஒரு காலத்து நிபுணர் அறிவின் படிவுகள்தாம் என்பதை நம் நாட்டாரியல் ஆய்வுகள் இன்னும் கவனித்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் காத்திருப்பை முடித்துவைத்த பொருள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லை. போர் விமானத்தின் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த துணுக்குகள் அங்கே அழற்சி உண்டாக்காமல் தங்கிவிட்டதிலிருந்து குறிப்பெடுத்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். மருத்துவ உலகம் பல ஆண்டுகள் அதை ஏற்கவில்லை. ஏற்ற பிறகும் அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1976இல் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடத்தை நிறுவி, வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கு அந்த வில்லையைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்து விவசாயக் கூலிக்கு சோடாபுட்டி இல்லாத பார்வை சாத்தியமாயிற்று. மேற்கில் காத்திருப்பின் காரணம் முடிந்ததற்கும் இங்கே முடிந்ததற்கும் நடுவில் கிடந்தது விலை.

அதற்குப் பிறகு நடந்தது தலைகீழ் மாற்றம். 1967இல் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய ஒலியலை முறை, பல் மருத்துவரின் கருவியைப் பார்த்து உருவானது. வில்லையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சிவிடும் இம்முறை, கம்ப்யூட்டர் திரைகளோடு நகர ஆஸ்பத்திரிகளை ஆக்கிரமித்தது. நொறுக்கும் கருவிக்கு எது பிடிக்கும்? மெத்தென்ற வில்லை பிடிக்கும். முற்றி, பழுப்பேறி, கருத்துப்போன வில்லையை நொறுக்க அதிக ஒலியாற்றல் வேண்டும்; அந்த ஆற்றல் கண்ணின் முன்படலத்தைக் காயப்படுத்தும். ஆக முற்றல் தகுதியாக இருந்தது போய்க் குற்றமாகிவிட்டது. நூறு வருஷமாக "முத்தட்டும்" என்று சொன்ன அதே மேஜைக்குப் பின்னாலிருந்து இப்போது அதட்டல் வருகிறது: "இவ்வளவு முத்தவிட்டுட்டு வர்றீங்களே, என்னம்மா இது!"

5

இந்தத் தலைகீழ் மாற்றத்தின் நடுவில்தான் எண்கள் வந்தன. 1911இல் ஸ்வீடன் நாட்டு ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் பிளவு விளக்கை அறிமுகம் செய்தார்; ஒளியியல் ஆய்வுக்காக அதே ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். மெல்லிய ஒளித் தகடு ஒன்றை உயிருள்ள கண்ணுக்குள் செலுத்தி வில்லையை அடுக்கடுக்காகப் பார்க்க முடிந்தது. பழுத்தது, பழுக்காதது என்ற முரட்டுப் பிரிவு இதற்குப் போதவில்லை. உட்கரு மங்குவது ஒன்று, சுற்றுப்பகுதியில் சக்கரத்தின் ஆரங்கள் போல மங்கல் ஓடுவது ஒன்று, பின்னுறையை ஒட்டி நடுவில் மங்குவது ஒன்று என்று புரை மூன்றாகப் பிரிந்தது.

எண்பதுகளில் மருந்து நிறுவனங்களும் தொற்றுநோயியல் ஆய்வாளர்களும் ஒரு தேவையோடு வந்தார்கள். புரையைத் தடுக்க மருந்து இருந்தால் அது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? புரை வருஷக்கணக்கில் மெல்ல வளர்வது. அதன் நுண்ணிய மாற்றத்தைப் பிடிக்க நுண்ணிய அளவுகோல் வேண்டும். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு முறை வந்தது. ஹார்வர்டின் லியோ சைலாக் குழுவினர் 1988, 1989, 1993 என்று அடுத்தடுத்து மூன்று பதிப்புகளாக 'லாக்ஸ்' என்ற முறையை வெளியிட்டார்கள். மூன்றாம் பதிப்பில் உட்கருவின் நிறத்துக்கும் மங்கலுக்கும் ஆறு படங்கள், சுற்றுப்பகுதிக்கு ஐந்து, பின்னுறைக்கு ஐந்து. நோயாளியின் வில்லையை இந்தப் படங்களோடு ஒப்பிட்டுத் தசமப் புள்ளியோடு மதிப்பெண் போட வேண்டும், உட்கருவுக்கு 0.1 முதல் 6.9 வரை, மற்ற இரண்டுக்கும் 5.9 வரை. உலகெங்கும் இன்று ஆய்வுக் கட்டுரைகள் பேசும் மொழி இதுதான். 2002இல் உலக சுகாதார நிறுவனம் கள ஆய்வுகளுக்காக எளிமையான ஒரு முறையையும் வெளியிட்டது. இப்போது புகைப்படத்தைப் பார்த்து மதிப்பெண் போட இயந்திரங்களைப் பழக்குகிறார்கள். மனிதர்கள் முன்பு போட்ட மதிப்பெண்களே அவற்றுக்கு வாத்தியார்.

இந்த எண்களால் பயன் இல்லையென்று சொல்ல வரவில்லை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 35 முதல் 50 வயதுள்ள 798 பேருக்கு ஐந்தாண்டுகள் வைட்டமின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் புரையின் வளர்ச்சியில் வேறுபாடில்லை என்று அது சொன்னது. இத்தனை நுட்பமான அளவுகோல் இல்லாவிட்டால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. 'புரையைக் கரைக்கும்' சொட்டு மருந்துகளும் மாத்திரைகளும் விற்கிற சந்தைக்கு எதிராக நம் கையில் இருக்கும் ஆயுதமும் இந்தத் தசமப் புள்ளிதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வுக்காகச் செய்த அளவுகோலோடு அறுவை அறைக்கு என்று இன்னொரு அளவுகோலும் வளர்ந்தது. எமரி-லிட்டில் என்ற பெயரில் வழங்கும் பிரிவு வில்லையின் நிறத்தைக் கொண்டு கடினத்தை ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கிறது. ஒன்று மென்மை, ஐந்து என்றால் கறுப்பேறிய கல். 'கிரேடு நாலு', 'கிரேடு அஞ்சு' என்று வார்டில் காதில் விழுவது இந்த வகைப் பிரிவுதான். ஒலியலைக் கருவிக்கு எவ்வளவு வேலை என்பதற்கான எண் அது. ஆனால் கேட்கிறவர் தன் நோய் எவ்வளவு கொடியது என்பதற்கான எண்ணாக அதை வாங்கிக்கொள்கிறார்.

இது கருவியைச் சார்ந்த எண்தான் என்பதற்கு நேபாளம் நல்ல சாட்சி. சிறு வெட்டின் வழியே உட்கருவை நொறுக்காமல் முழுதாக வெளியே எடுக்கும் கைமுறை அறுவை, நேபாளத்திலும் மதுரையிலும் பெரிய அளவில் செய்யப்படுவது. 2007இல் சந்துக் ருய்த் குழுவினர் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில் முற்றிய புரைகள் உள்ள 108 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒலியலை முறையும் மறு பகுதிக்குக் கைமுறையும் செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் பார்வை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. கைமுறை வேகமானது, செலவு குறைவானது. நொறுக்கும் கருவியை நடுங்கவைக்கும் அதே கறுத்த வில்லை கைமுறைக்காரருக்கு வழக்கமான ஒரு காலைவேளை. அப்படியானால் 'கிரேடு அஞ்சு' எங்கே இருக்கிறது? கண்ணுக்குள்ளா, கருவிக்குள்ளா? இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். பின்னுறையை ஒட்டிய சிறு மங்கல் மதிப்பெண்ணில் அற்பமாக இருக்கலாம். ஆனால் அது பார்வையின் நட்டநடு வழியில் நிற்பது. வெயிலில் கண்மணி சுருங்கும்போது முழுவதையும் மறைத்துவிடும். இருட்டறையில் ஆஸ்பத்திரிப் பலகையின் எழுத்துகளை ஓரளவு படித்துவிடும் ஒரு பெண், நடுப்பகல் வயலில் நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பாள். மறுபக்கம், உட்கரு கெட்டிப்படும்போது கிட்டப்பார்வை கூடி, வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு "எனக்குக் கண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. ஒருவருக்குக் குறைந்த எண், நிறைய இருட்டு. இன்னொருவருக்குக் கூடுதல் எண், தற்காலிக வெளிச்சம். நோய் என்பது இயல்பான அளவிலிருந்து கூடுதல் குறைச்சல் என்று எண்ணிக்கையாக மட்டும் புரிந்துகொள்ள முடியாது. முதலில் ஒருவர் தன்னால் வாழ முடியவில்லை என்று உணர்கிறார், அதனால்தான் மருத்துவம் என்ற ஒன்றே இருக்கிறது என்று ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் வாதிட்டார். விழிவில்லையைப் போல இதற்குச் சுலபமான உதாரணம் கிடைப்பது அரிது.

6

கடைசியாக, அரசின் அளவுகோல். அரசுக்கு வில்லையின் நிறம் தேவையில்லை. யார் குருடர் என்று தெரிந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம், மேலான கண்ணில் 3/60க்குக் குறைந்த பார்வை உள்ளவரைக் குருடர் என்கிறது. 1976இல் தொடங்கிய இந்தியாவின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 6/60 என்ற கோட்டை வைத்திருந்தது. அதாவது நல்ல பார்வையுள்ளவர் அறுபது மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில் நின்றும் படிக்க முடியாதவர் நம் கணக்கில் குருடர். 2017இல் இந்தியா தன் கோட்டை 3/60க்கு மாற்றிக்கொண்டது. உலகக் கணக்கோடு ஒப்பிட வசதி என்பது காரணம். 2001-02 கணக்கெடுப்பில் 1.1 சதவீதமாக இருந்த பார்வையிழப்பு 2015-19 கணக்கெடுப்பில் 0.36 ஆனது. இந்தச் சரிவில் லட்சக்கணக்கான அறுவைகளின் உண்மையான பங்கு இருக்கிறது. கோடு நகர்ந்ததன் பங்கும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், 3/60க்கும் 6/60க்கும் இடையில் தடுமாறிக்கொண்டிருப்பவர்கள், ஒரு சுற்றறிக்கையின் வழியே 'குருடர்' பட்டியலிலிருந்து வெளியேறினார்கள். அவர்கள் கண்ணில் எதுவும் மாறவில்லை.

எண்ணிக்கையின் மோகத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். உலக வங்கிக் கடனோடு 1994 முதல் 2002 வரை தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தின் இலக்கு சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் அறுவைகள். இத்திட்டத்தின் காலத்தில்தான் முகாம் கொட்டகையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், சோடாபுட்டியிலிருந்து உள்வில்லைக்கும் மாற்றம் வேகம் பிடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இலக்கு என்பது அறுவைகளின் எண்ணிக்கை. அறுவைக்குப் பின் எத்தனை பேர் நன்றாகப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணும் அளவை, அதாவது 'பயனுள்ள அறுவைப் பரவலை' 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது 2021இல்தான்.

யார் காத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டன. ஏழை நாடுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே புரை அறுவை குறைவாகக் கிடைக்கிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியானது. 1991இல் வெளியான ஒரு தென்னிந்திய ஆய்வு, அறுவை இலவசம் என்றால் மட்டும் போதவில்லை, வண்டிச் செலவையும் சாப்பாட்டையும் சேர்த்து ஏற்றுக்கொண்டபோது கூடுதலானவர்கள் வந்தார்கள் என்று காட்டியது. இதை அந்த 'முத்தட்டும்' என்ற வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். துணைக்கு வர ஆளில்லாத, மகனிடம் பஸ் காசு கேட்கக் கூச்சப்படும் ஒரு கிழவிக்கு, "இன்னும் முத்தலை" என்பது மானத்தைக் காப்பாற்றும் பதில். மருத்துவம் கைவிட்டுப்போன கோட்பாடு, ஏழ்மை உடுத்திக்கொள்ளும் துணியாகிவிட்டது. 'தவறான நம்பிக்கை' என்று அச்சடித்த பிரசுரத்தால் அதை உருவ முடியாது. கீழே இருப்பது பஸ் காசு.

வேறு வகையில் அளக்க முடியாதா? முடியும், அதையும் நம் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். இரு கண்ணும் புரையால் மங்கிய 3,400 பேரை வைத்து நடந்த மதுரை உள்விழிவில்லை ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. சோடாபுட்டி முறையையும் உள்வில்லை முறையையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில் பலகையின் எழுத்துகளோடு கேள்விகளும் இருந்தன. தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, வெளியே நடமாட முடிகிறதா, நாலு பேரோடு கலந்து பழக முடிகிறதா, மனசு எப்படியிருக்கிறது என்று நோயாளியிடமே கேட்டுப் பதில்களை மதிப்பெண்ணாக்கினார்கள். வாய்மொழியும் தரவாக முடியும் என்று இதன் மூலம் தெரிந்தது.

ஆகவே கோரிக்கை எளிமையானது. கிரேடு இருக்கட்டும், அறுக்கிறவருக்கு அது தேவை, கறுத்த வில்லையைத் தெரியாமல் தொட்டால் போவது நோயாளியின் கண். ஆனால் கேஸ் ஷீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும்: இந்தக் கண்ணால் இவருக்கு எந்த வேலை செய்ய முடியாமல் போயிருக்கிறது, எவ்வளவு நாளாக? களையெடுக்கிறவர், பூக்கட்டுகிறவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர், இவர்களுக்கு அறுவையின் நாளை இந்தக் கட்டம் தீர்மானிக்க வேண்டும். ஊருக்குள் வேலை செய்கிற நண்பர்கள் "முத்தட்டும்" என்று சொல்கிற ஒருவரைத் திருத்துவதற்கு முன், அவர் அதை எந்த முகாமில், எந்த வருஷம், யார் வாயிலிருந்து கேட்டார் என்று விசாரிக்கலாம். திருப்பி அனுப்பியது யார் என்பதும் அந்தக் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டிய தகவல்தான்.